முதல்ல அட்வான்ஸ் கணக்கைப் படிங்க

போன தடவை சர்வதேச அமைப்புகள்ல இருக்கிற வேலைகளைப் பத்திப் பேசினப்போ, ஜெனிவாவுல தலைமையகம் வச்சிருக்கிற ஐ.நா. தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ., யுனிசெஃப் மாதிரி இடங்கள்ல குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்குன்னே ஆள் எடுக்கறாங்கன்னு ஒரே ஒரு வரி சொன்னேன். அந்த ஒரு வரிக்குத்தான் கேள்வி குவிஞ்சு கிடக்கு. அதுல பாதிக்கு மேல ஒரே கேள்வி: "அக்கா, ஜெனிவாவுக்கு எப்படி அப்ளை பண்றது?"

சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம். நான் பிறந்த இடம் அது. எங்கப்பா கூலித்தறி நெய்தவர்.

காஞ்சிபுரம் சேலையில உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம் இருக்கும், பாத்திருப்பீங்க. ரெண்டும் சேர்ற இடத்துல பிசிறே தெரியாது. அதைத்தான் கோர்வைன்னு சொல்வோம். உடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா, ஆக மூணு நாடா ஓடணும். தறிக் குழியில உக்காந்து நெய்றவர் ஒருத்தரே அத்தனையும் பாத்துக்கறது ரொம்பக் கஷ்டம். ஓரத்துல உக்காந்து கரை நாடாவை எடுத்துக் குடுக்க இன்னொரு ஆள் வேணும். அந்த ஆளுக்குப் பெரியவங்க கூலி குடுத்தா கட்டுப்படியாகாதுன்னு கணக்குப் போட்டாங்க. அதனால அந்த இடத்துக்குப் பையன் வந்தான். இல்லன்னா பொண்ணு வந்துச்சு. உங்க கல்யாணத்துக்குக் காந்தி ரோட்டுல எடுத்த சேலையோட கதையில பாதி இதுதான்.

எங்கண்ணன் ஒன்பது வயசுல இன்னொருத்தர் தறிக்குப் போனான். அத்தை கல்யாணத்துக்கு அப்பா 1,500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அந்த 1,500-க்கு அண்ணன் அடமானம். அந்த வார்த்தையை வீட்ல யாரும் சொன்னதில்லை. "மாமா தறிக்குப் போறான்"னுதான் சொல்வாங்க. வாரக் கூலியில ஒரு பங்கைப் பிடிச்சுக்குவாங்க. ஐப்பசி அடைமழையில தெருவுல பாவு விரிக்க முடியாது, தறி நிக்கும், அப்ப இன்னொரு 200. தீபாவளிக்கு இன்னொரு 300. நாலு வருஷம் கழிச்சுப் பாத்தா கடன் 1,500-ல இருந்து 2,100 ஆகியிருக்கு. அண்ணன் நெய்ய நெய்ய அது வளர்ந்திருக்கு! நான் பள்ளிக்கூடம் போனதுக்குக் காரணம், எனக்கு ஆறு வயசானப்போ கையில அட்வான்ஸ் வாங்க வேண்டிய அவசரம் எதுவும் வரலைங்கறது மட்டும்தான்.

இப்ப நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போற விஷயம் ஒண்ணே ஒண்ணு. அட்வான்ஸ் கணக்கைப் படிங்க. கருத்துப் பகுதியில எல்லாரும் "மீட்கணும், மீட்கணும்"னு எழுதறீங்க. மீட்கறது அரை நாள் வேலைங்க. அந்தப் பிள்ளை மறுபடி தறிக்குப் போகாம பாத்துக்கறது ரெண்டு வருஷ வேலை. உங்களுக்குச் சம்பளம் தரப்போறது அந்த ரெண்டு வருஷத்துக்கு.

இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தொண்ணூறுகள்ல ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துல சேர்ந்தேன். முதல் மாசமே அதிகாரிங்களோட போய் ஒரு பதினோரு வயசுப் பொண்ணைத் தறியில இருந்து கூட்டிட்டு வந்தோம். போட்டோ எடுத்தோம், மாலை போட்டோம், நோட்டுப் புத்தகம் குடுத்தோம். எனக்குத் தலைகால் புரியலை. மூணு மாசம் கழிச்சு அய்யம்பேட்டை பக்கம் வேற வேலையாப் போறேன், ஒரு வீட்டுக்குள்ள தறிச் சத்தம். எட்டிப் பாத்தா அதே பொண்ணு. என்னைப் பாத்ததும் நாடாவைக் கீழ போட்டுட்டுச் சுவரோரமா ஒதுங்கி நிக்குது. பழைய முதலாளி கடனைக் கேட்டு நெருக்கினதும், அதை அடைக்க அவங்கம்மா புது முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. கடன் இடம் மாறிச்சு, பொண்ணும் கூடவே மாறிச்சு. எங்க நிறுவனத்தோட ஆண்டறிக்கையில மட்டும் அவ "மீட்கப்பட்டவள்". அந்தப் படம் அட்டையிலேயே வந்துச்சு.

அந்தக் கடனே செல்லாதுன்னு எனக்கு அப்ப தெரியாது! 1976-ல வந்த கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் இருக்கே, அதன்படி ஆளைக் கட்டிப் போடற கடன் சட்டத்துக்கு முன்னாடி கடனே இல்லை. கோட்டாட்சியர் விசாரிச்சு விடுதலைச் சான்றிதழ் குடுத்தா, அந்தக் காகிதத்தைக் காட்டி, "போய்யா, தர முடியாது"ன்னு சொல்லலாம். நாங்க அந்தக் காகிதம் வாங்கலை. மாலை வாங்கத் தெரிஞ்சது, சான்றிதழ் வாங்கத் தெரியலை. இப்ப மத்திய அரசோட கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்துல குழந்தைகளுக்கு 2 லட்ச ரூபாய் உதவி இருக்கு. அதுக்கும் வழக்கு, விசாரணை, சான்றிதழ்னு காகிதம் வேணும். இந்தத் துறைக்கு வரணும்னு நினைக்கிறவங்க ஃபைலைப் பாத்து அலுத்துக்கக் கூடாது. அலுப்பா இருக்கும்னா இப்பவே வேற வேலை பாருங்க, தப்பில்லை.

சரி, நம்ம ஊர்த் தறிக்கும் சர்வதேச வேலைக்கும் என்ன சம்பந்தம்னு ஆரணியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். நல்ல கேள்வி. 2003 ஜனவரியில ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்னு நியூயார்க்கைச் சேர்ந்த அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழில்ல கொத்தடிமையா இருக்கிற குழந்தைகளைப் பத்தி ஒரு முழு அறிக்கை போட்டது. கர்நாடகா, வாரணாசியோட காஞ்சிபுரமும் அதுல இருக்கு. நம்ம தெருப் பிள்ளைங்க தமிழ்ல சொன்னதுதான் அங்க இங்கிலீஷ்ல அச்சாச்சு. அதே காலகட்டத்துல இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு, ஐ.எல்.ஓ. மூலமா 'இண்டஸ்'னு ஒரு திட்டம் நடத்தினாங்க. தமிழ்நாட்டுல அஞ்சு மாவட்டம்: காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர். ஒரு பக்கம் வாஷிங்டன்ல பட்ஜெட், இன்னொரு பக்கம் நம்ம ஊர்ல, வேலையை விட்ட பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ற இணைப்புப் பள்ளியோட வருகைப் பதிவேடு. நம்ம ஊர் 'ரைடு' மாதிரித் தொண்டு நிறுவனங்களும் தறியில இருந்த பிள்ளைங்களுக்கு இணைப்புப் பள்ளி நடத்தினாங்க. அந்தப் பதிவேட்டை ஒழுங்கா எழுதினவங்களை நம்பித்தான் மேல இருக்கிறவங்க அறிக்கையே எழுத முடிஞ்சது.

இப்ப வாரேன் ஜெனிவாவுக்கு.

ஐ.நா. வேலையில நீங்க நினைக்கிற முதல் கதவு பெரும்பாலும் நமக்கானது இல்லை. இளநிலை அலுவலர் திட்டம்னு ஒண்ணு இருக்கு, பணம் குடுக்கிற நாடு பெரும்பாலும் தன் நாட்டுப் பிள்ளைகளைத்தான் அனுப்பும். இன்டர்ன்ஷிப் இருக்கு, ஐ.எல்.ஓ. உதவித்தொகை தரும், ஐ.நா. தலைமைச் செயலகம் தராது. நியூயார்க்ல வாடகை யார் குடுக்கறது? நமக்கு ஏத்த கதவு, டெல்லி, சென்னைன்னு இங்கேயே இருக்கிற அலுவலகங்கள்ல வர்ற தேசிய அலுவலர் பதவியும், ஐ.நா. தன்னார்வலர் பணியும். அங்க கேக்கறது கள அனுபவம். "எத்தனை வருஷம், எந்த ஊர், என்ன மாறிச்சு?" இதுக்குப் பதில் வேணும். அதைச் சான்றிதழ் கோர்ஸ்ல வாங்க முடியாது.

இதோட ஒண்ணு, கோபமாவே சொல்றேன். ஐ.நா. வேலைக்கு 40,000 கட்டுங்கன்னு ஒருத்தர் கேட்டதா ஒரு தங்கச்சி எழுதியிருக்கு. ஐ.நா. ஆள் எடுக்கிற எந்தக் கட்டத்துலயும் ஒரு பைசா வாங்காது. அட்வான்ஸ் குடுத்துப் பிள்ளையை எடுக்கறதை எதிர்க்கிற வேலைக்கு நீங்களே அட்வான்ஸ் கட்டுவீங்களா?

படிப்பு: சமூகப் பணியில முதுகலை. எழும்பூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கு, மும்பையில டிஸ்னு சொல்ற டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கு. பக்கத்துலயே ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கு, கார் கம்பெனிக்குப் போற பஸ்ல ஏறினா வந்துடும், அது நம்ம பிள்ளைங்களுக்கே தெரியறதில்லை. சட்டம் படிச்சவங்களும், கணக்கு வழக்கு படிச்சவங்களும் இந்தத் துறைக்கு வேணும். கணக்குப் படிச்சவங்க ரொம்ப வேணும்.

இங்கிலீஷ்: வரும். பயப்படாதீங்க.

அரசு வேலை: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-ல தொழிலாளர் உதவி ஆய்வாளர் பதவி இருக்கு. குழந்தைகளை வேலைக்கு வைக்கிற இடத்துல போய் நிக்கிற அதிகாரம் யுனிசெஃப்காரருக்குக் கிடையாது, இவருக்கு உண்டு. இதை ஏன் யாருமே கேக்க மாட்டேங்கறீங்க?

இப்ப எனக்கு வந்ததுலயே கனமான கேள்வி. எழுதினவர் ஒரு நெசவாளர், வயசுல பெரியவர். "எங்க தொழிலை எங்க பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா குத்தமா? பதினெட்டு வயசுக்கு மேல கை வளையுமா?" ஐயா, உங்க கேள்வியை நான் ரெண்டு நாள் வச்சுப் பாத்தேன். எங்கப்பா இருந்திருந்தா இதையேதான் கேட்டிருப்பார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2016 திருத்தத்துக்கு அப்புறம் 14 வயசுக்குக் கீழ எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 14-ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலை கூடாது. ஆனா பள்ளி நேரம் போக, லீவு நாள்ல, ஆபத்தில்லாத குடும்பத் தொழில்ல பிள்ளை உதவலாம்னு ஒரு விலக்கு இருக்கு. குடும்பம்னா யாருன்னும் எழுதியிருக்காங்க: அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, அப்பா அம்மாவோட கூடப் பிறந்தவங்க. அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி எல்லாம் வந்துடுச்சு. இப்ப நம்ம ஊரை நினைச்சுப் பாருங்க. நம்ம தெருவுல தறி வச்சிருக்கிற எல்லாருமே பையனுக்கு "மாமா"தானே! ஆய்வாளர் வந்து கேட்டா "மாமா வீடு சார்"ன்னு பையனே சொல்லுவான். எங்கண்ணனும் சொல்லியிருப்பான்.

அதனால உறவைக் கேக்காதீங்க, நூலைக் கேளுங்க. தறியில இருக்கிற பட்டும் ஜரிகையும் யாருது? நெய்து முடிச்ச சேலை யாருகிட்ட போகுது? நூல் முதலாளியுது, சேலை முதலாளியுது, வீட்டுமேல அட்வான்ஸும் முதலாளியுதுன்னா, குழி மட்டும் உங்க வீட்ல இருக்கறதால அது குடும்பத் தொழில் ஆயிடுமா? ஐயா, உங்க பையன் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்து புட்டா எப்படி விழுதுன்னு பாக்கறதுல எனக்குச் சண்டை இல்லை. காலையில பள்ளிக்கூடத்து மணி அடிக்கறப்போ அவன் எங்க இருக்கான்? அதைத்தான் நான் கேக்கறேன்.

"இப்பல்லாம் தறியில பிள்ளைங்களே இல்லையே, பழங்கதை பேசறீங்க"ன்னும் சிலர். குறைஞ்சிருக்கு, நிஜம். சத்துணவு, இலவச பஸ், ஒரகடம் கம்பெனி வேலை, தறியே குறைஞ்சு போனது எல்லாம் சேர்ந்து குறைச்சது. ஆனா 2019 ஜூலையில இதே காஞ்சிபுரம் பக்கம் கோனேரிகுப்பத்துலயும், அப்ப வேலூர் மாவட்டத்துல இருந்த இன்னொரு ஊர்லயும் மரம் வெட்டற இடங்கள்ல இருந்து 42 பேரை மீட்டாங்க. இருளர் குடும்பங்க, பிள்ளைகுட்டியோட. ஒரு பெரியவர் அதிகாரி கால்ல விழற படம் நாடு முழுக்கச் சுத்திச்சு. எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்தீங்க. அங்கயும் அதே அட்வான்ஸ்தான். பட்டு இல்லாத இடத்துல விறகு.

உலகக் கணக்கு வேணும்னா, ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் சேர்ந்து 2025-ல வெளியிட்டது: 2024 நிலவரப்படி 13 கோடியே 80 லட்சம் பிள்ளைங்க. அதுல 5 கோடியே 40 லட்சம் பேர் ஆபத்தான வேலையில. 2020-ல மொத்தம் 16 கோடியா இருந்துச்சு. 2025-க்குள்ள பூஜ்யம் ஆக்கறோம்னு உலக நாடுகள் சொல்லியிருந்தாங்க. ஆகலை. உங்களுக்கு வேலை இருக்கு, கவலைப்படாதீங்க.

சம்பளம் கேட்டவங்களுக்கு: ஆரம்பத்துல கம்மி, ஒப்பந்த வேலை, திட்டம் முடிஞ்சா வேலையும் முடியும். வீட்ல கடன் இருக்கிற பிள்ளைங்க முதல்ல குரூப் 2 எழுதுங்க. தியாகம் பண்ணுங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எங்கயாவது ஒரு பிள்ளை வேலை செய்யறதைப் பாத்தா 1098-ங்கற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. நீங்களே உள்ள நுழைஞ்சு வீடியோ எடுக்காதீங்க, பிள்ளை முகத்தைப் போடாதீங்க.

கடைசியா உத்திரமேரூர் தங்கச்சிக்கு. காலேஜ் மூணாவது வருஷம், இந்த லீவுல எந்தப் புத்தகம் படிக்கணும்னு கேட்டிருக்கே. புத்தகம் அப்புறம். பஸ் ஏறிக் காஞ்சிபுரம் வா. பிள்ளையார்பாளையத்துல ஏதாவது ஒரு தறி வீட்ல அனுமதி கேட்டு உக்காரு. ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு, பட்டும் ஜரிகையும் யார் குடுக்கறாங்க, ஓரத்துல உக்கார்றது யாரு, இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுது. "அட்வான்ஸ் எவ்வளவு?"ங்கறதை மட்டும் முதல் நாளே கேட்டுடாதே, சொல்ல மாட்டாங்க. நாலாவது நாள் அந்த வீட்டம்மா காப்பி போட்டுக் குடுக்கும்போது கேளு. அவங்க சொல்ற தொகையையும் தேதியையும் எழுதி எடுத்துக்கிட்டு என்கிட்ட வா, அந்தக் கணக்கை எப்படிப் படிக்கறதுன்னு உனக்கு நான் காட்டறேன்.