சயனைடு மேட்டை யார் அளப்பது?

(மாணவர்களும் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோலார் தங்கவயல்னு சொன்னா உங்களுக்குத் தங்கம் ஞாபகம் வரும், இல்லாட்டி சினிமா ஞாபகம் வரும். நான் பேச வந்தது தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைப் பற்றி. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்படும்வரை சுமார் 800 டன் தங்கம் அந்தப் பூமியை விட்டுப் போயிருக்கிறது. மண் போகவில்லை. மூன்று கோடி டன்னுக்கு மேல், 13 மேடுகளாக அங்கேயே கிடக்கு. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போய், இரண்டு மைல் ஆழம்வரை பூமிக்குள் இறங்கினவங்களோட பேரப்பிள்ளைகள் அந்த மேட்டடியில் லைன் வீடுகளில் இருக்காங்க.

இது ஏதோ கேட்பாரற்ற ஊர் இல்லை. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு 1926இல் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி கொண்டுவந்தது இங்கிருந்துதான். படிச்ச ஊர், கேள்வி கேட்ட ஊர். அந்த ஊர் தலைமேல்தான் இந்தக் கழிவைக் கொட்டி வச்சிருக்கு.

போன மாதம் சில மாணவர்களோடு இரண்டு மேடுகளைச் சுற்றி நடந்தோம். ஊரில் அதுக்குப் பேரு சயனைடு மேடு. பேரைக் கேட்டதும் ஒரு தம்பி மூக்கைப் பொத்திக்கிட்டான். விஷயம் வேற. கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்சச் சேற்றைக் கொட்டினார்கள். சயனைடு வெயிலிலும் காலத்திலும் பெருமளவு சிதைந்துவிடும். மாவு சிதையாது. அந்த மாவில் பெரும்பங்கு சிலிக்கா. மூச்சில் போனால் நுரையீரலைத் தழும்பாக்கும், சிலிக்கோசிஸ். இந்தியச் சுரங்கங்களில் இதை டி.பி.ன்னு எழுதி அனுப்புறது பழைய வித்தை, ஏன்னா டி.பி.க்கு நஷ்டஈடு கிடையாது. பேரில் இருக்கிற விஷத்தைப் பாத்துப் பயந்துக்கிட்டே, கண்ணுக்குத் தெரியாத தூசியை விட்டுடுறோம்.

பார்வையிடப் போகிறவர்கள் மேட்டு உச்சியில் ஏறி போட்டோ எடுத்துக்கிட்டுத் திரும்பிடுறாங்க. நாங்க அடிவாரத்தில்தான் அதிக நேரம் நின்னோம். மழைத்தண்ணி சரிவை அறுத்து ஆளுயரப் பள்ளங்களாக்கியிருக்கு. அந்தச் சேறு எங்கே போகுதுன்னு தொடர்ந்து போனா ஓடையில் முடியுது. சுற்றுக் கால்வாய், தடுப்புச் சுவர் எங்கே இருக்கணுமோ அங்கே முள்செடி. ஓரத்தில் கொஞ்சம் புல் பிடிச்சிருக்கு. மேலே ஒண்ணும் இல்லை. மரக்கன்று நட்டுப் பெயர்ப்பலகை வச்சா நிலச் சீரமைப்பு ஆகிடாது. அந்த மாவில் மக்கு இல்லை, தண்ணி நிற்காது. சரிவைக் குறைச்சு, மேல்மண் போர்த்தின பிறகுதான் வேர் பிடிக்கும். ஒரு அக்கா சமையல் தட்டைத் துடைச்சுக் காட்டினாங்க. "ஆடிக் காத்துல வந்து பாருங்க, சோத்துல மண்ணு நறநறன்னும்" என்றார்கள்.

ஏன் யாரும் செய்யலை? சுரங்க மூடல் திட்டம் கட்டாயம் என்று விதி வந்தது 2003இல். தங்கவயலை மூடியது 2001இல். விதி வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாடி பூட்டுப் போட்டாச்சு. வேலை போனவங்க குடியிருப்புக்கும் பாக்கிப் பணத்துக்கும் கோர்ட் ஏறி இறங்கின காலத்தில் மேட்டைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

இப்போ மேட்டுக்கு விலை வந்திருக்கு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் ஆயிரம் ஏக்கரில் உள்ள இந்த 13 மேடுகளையும் மறுபடி தோண்டித் தங்கம் பிரிக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வேலை கிடைக்கும்னு ஊரில் எதிர்பார்ப்பு. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். வயிறு காஞ்ச ஊர் அது. தினம் பெங்களூர் ரயிலில் தொங்கிக்கிட்டுப் போற ஊர். ஆனா இறுகிக் கிடக்கிற மாவைக் கிளறினா தூசி கிளம்பும். தண்ணி தெளிப்பது யார், எந்தத் தண்ணி, பிரித்த பிறகு அதே மூன்று கோடி டன்னை எங்கே கொட்டப் போறாங்க? இந்தக் கேள்வி ஒப்பந்தம் எழுதும் முன்னால கேட்கணும்.

அதற்கும் முன்னால ஒரு வேலை இருக்கு. முதல் பொக்லைன் ஏறுவதற்கு முன்பே மேட்டடி வீடுகளில் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நகல் அவங்க கையிலேயே இருக்கணும். இல்லாட்டி நாளைக்கு இருமல் வந்தா, "இது உங்க தாத்தா காலத்து வியாதி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மருத்துவம் படிக்கிற தோழர்கள் இங்கே நாலு பேர் இருக்கீங்க. கூட்டம் முடிஞ்சதும் பேர் கொடுத்துட்டுப் போங்க.