எஞ்சினின் எல்லைக்கோடு



மும்பை மாநகரில் மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் மக்களுக்குக் கறுப்பும் மஞ்சளுமான பத்மினி டாக்சியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இத்தாலிய பியட் 1100 வண்டியின் வழிவந்த அது, செம்பூருக்கு அண்மையிலுள்ள குர்லாவில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவாயிற்று. 2023 அக்டோபரோடு பத்மினி டாக்சிகள் வீதியிலிருந்து விடைபெற்றுவிட்டன. ஆயினும், சொந்த வண்டியாகப் பத்மினியைப் பேணி வருவோர் இன்றும் உளர். அவர்களுள் இளைஞர் சிலர் பெரிய கார்புரேட்டரும் அகன்ற சைலன்சர் குழாயும் பொருத்தி, வேகத்தைக் கூட்டுகின்றனர். பிஸ்டன், கனெக்டிங் ராடு, வால்வு ஸ்பிரிங் முதலிய உள்ளுறுப்புகளோ பழையனவே. இத்தகைய எஞ்சினை நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஓட்டலாம்? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

பத்மினியின் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நிமிடத்துக்கு 4800 சுற்றில் சுமார் 40 குதிரைத்திறன் தருவது. பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரம் 75 மில்லிமீட்டர். 4800 சுற்று என்றால் நொடிக்கு 80 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இருமுறை நின்று திரும்புகிறது. அதாவது, ஒரு நொடியில் 160 முறை நின்று, மறுபுறம் பாய்கிறது.

ஓடுகின்ற பேருந்து சட்டென்று நின்றால் நாம் முன்னே தள்ளப்படுகிறோம் அல்லவா? அவ்வாறே, உச்சிக்குச் சென்ற பிஸ்டன் மேலும் மேலே போகவே முயல்கிறது. அதைப் பிடித்துக் கீழே இழுப்பது கனெக்டிங் ராடும் அதன் இரு போல்ட்டுகளுமே. 4800 சுற்றில் உச்சியில் ஏற்படும் இழுப்பு புவியீர்ப்பைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. கால் கிலோ எடையுள்ள பொருள் அவ்விடத்தில் கால் டன்னுக்கு மேல் கனக்கும் என்று கொள்ளலாம்.

இந்த இழுப்பு சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4800 சுற்று 6000 ஆகும்போது வேகம் கால் பங்கே கூடுகிறது. இழுப்போ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. 7000 சுற்றில் அது இரண்டு மடங்கையும் தாண்டுகிறது.

பெரிய கார்புரேட்டர் போட்டதால் எஞ்சின் வலுப்பெற்றுவிட்டது என்று எண்ணுவது தவறு. அதிக எரிபொருள் எரிவதால் பிஸ்டனைக் கீழே தள்ளும் விசை கூடுகிறது. ராடை இழுத்து அறுக்க முயல்வதோ சுற்று. புகை வெளியேறும் வீச்சின் முடிவில், பிஸ்டனுக்கு மேலே அதைத் தடுத்து அழுத்தும் வாயு ஏறக்குறைய இல்லை. இழுப்பு முழுவதையும் போல்ட்டே தாங்கவேண்டும். ஆகவே, மாற்றாமல் விட்ட உறுப்புகளே எல்லையை வகுக்கின்றன.

இன்னொரு காவலும் உண்டு. சுற்று மிகுந்தால் வால்வு ஸ்பிரிங்குகள் கேமின் வேகத்துக்கு ஈடு கொடுக்க இயலாமல் பின்தங்கும். வால்வு உரிய நேரத்தில் மூடாது. சில எஞ்சின்களில் பிஸ்டனோடு மோதவும் கூடும். பெரும்பாலும் முதலில் தோற்பது இந்த ஸ்பிரிங்கே.

சென்னைக்கு அருகே சோழவரம் விமானத்தளத்தில் முன்னாளில் நடந்த பந்தயங்களில், திருத்தியமைத்த பியட்டுகள் ஓடியது உண்மை. ஆனால் பந்தய எஞ்சின் அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படுவது. ஒரு நாள் ஓட்டத்துக்காக ஆயத்தம் செய்யப்படுவது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் செல்லும் வண்டிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. போல்ட் அறுந்தால் ராடு எஞ்சினின் சுவரைத் துளைத்து வெளிவரும். கொட்டும் எண்ணெய் சூடான குழாயில் பட்டுத் தீப்பற்றலாம்; சாலையில் சிந்திப் பின்வரும் இருசக்கர வண்டிக்காரரை வீழ்த்தவும் செய்யலாம்.

எனவே நாம் கடைப்பிடிக்க வேண்டுவன யாவை? தயாரித்தவர் சிவப்புக் கோடு குறித்திருந்தால், உள்ளுறுப்புகளை மாற்றாதவரை அதுவே நம் எல்லை. பத்மினியில் சுற்றுக் காட்டும் கருவி இல்லை. முதற் செலவாக அதைப் பொருத்துவது நன்று. உச்சத் திறன் தரும் சுற்றுக்கு மேல் சில நூறு சுற்றுகளோடு நிறுத்தி, அடுத்த கியருக்கு மாறுவது விவேகம். அதற்கு மேல் திறன் குறைகிறது. ஓசையும் தேய்மானமுமே மிஞ்சும். பேரிங் தேய்ந்த பழைய எஞ்சினுக்கு இந்த எல்லையையும் குறைத்துக்கொள்ளவேண்டும். எண்ணெய் சூடேறுமுன் விரட்டலாகாது.

இக்காலத்து வண்டிகளில் எல்லையை எட்டியதும் எரிபொருளை நிறுத்தும் மின்னணு ஏற்பாடு உண்டு. அந்த எண்ணை உயர்த்தித் தருவோரும் உளர். எண்ணை உயர்த்தினால் போல்ட் உறுதிப்படாது. மேலும், நான்காம் கியரிலிருந்து மூன்றுக்கு வருவதாக எண்ணி முதலாவதில் போட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். அப்போது எரிபொருளை நிறுத்தியும் பயனில்லை. காக்க வல்லது ஓட்டுபவர் கையே.

இதனினும் மிகுந்த சுற்று வேண்டுவோர் ராடு, போல்ட், பிஸ்டன், ஸ்பிரிங் ஆகியவற்றை முதலில் மாற்றி, சமன் செய்து, அதன் பின்னரே கார்புரேட்டரைப் பற்றிச் சிந்திப்பாராக. அவ்வளவு செலவு இயலாதெனில், 4800 சுற்றுக்கு வகுத்த எஞ்சினை அதற்குரிய அளவிலேயே ஓட்டுவோம்.