பெயரே முகம்



இளைய தலைமுறையும் தமிழும் என்னும் பொருள்பற்றி ஏதேனும் பேசுமாறு பணித்தீர்கள். அப்பெரும் பொருளைப் பொதுவாகப் பேசப் புகுந்தால் அது புலம்பலில் போய் முடியும் என்று அஞ்சி, அதன் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இணையத்தில் எழுத்தால் மட்டுமே ஆடப்படும் ஒருவகை விளையாட்டு உண்டு. அதில் வரும் பாத்திரங்களின் பெயர்களை மாறாமல் மறவாமல் எப்படி வைத்துக்கொள்வது என்பதே என் பொருள். இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். இது நம் ஏட்டுச் சுவடிகளின் சிக்கலேயாகும்.

இவ்விளையாட்டின் வரலாறு நெடியதன்று. ஒருவர் கதை சொல்ல, மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசும் மேசை விளையாட்டு ஒன்று 1974இல் அமெரிக்காவில் அச்சேறியது. கணிப்பொறியில் பலர் ஒருங்கே புகுந்து எழுத்தாலேயே உலவும் 'மட்' என்னும் விளையாட்டை, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்க, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தார். அதில் படம் இல்லை, ஒலி இல்லை. 'இன்னார் வந்தார்', 'இன்னார் வாளை எடுத்தார்', 'இன்னார் இவ்வாறு சொன்னார்' என்று வரிகள் மட்டும் திரையில் ஓடும். அதன் வழிவந்த ஆட்டங்கள் இன்று கைப்பேசியிலும் நடைபெறுகின்றன. என் வகுப்பு மாணவியர் சிலரும் ஆடுகின்றனர்.

அங்கே ஒருவரை மற்றவர் அறிவதற்குப் பெயரன்றி வேறு வழியில்லை. குரலைக் கேட்டு அறிய இயலாது. நடையைக் கண்டு அறிய இயலாது. பெயரே முகம், பெயரே உடல். எனவே பெயர் குழம்பினால் கதையே குழம்பும். அக்குழப்பம் நான்கு வழிகளில் நேர்கிறது. பாத்திரம் பேசுகிறது என்பதை மறந்து ஆடுபவரே பேசுவதாகக் கொள்வது ஒன்று. ஒரே பெயர் பலர்க்கு அமைவது இரண்டு. ஒருவர்க்கே பல பெயர் அமைவது மூன்று. பெயர் எழுதப்படாமற் போய் ஆளே மறைவது நான்கு. இந்நான்கையும் தமிழ் முன்பே சந்தித்திருக்கிறது என்பதுதான் இன்று நான் கூற விரும்புவது.

யார் கூற்று?

முதலில் அகப்பாடல்களைப் பார்ப்போம். கபிலர் ஆண்மகனார், அவர் தலைவியாகப் பேசுகிறார், தோழியாகவும் பேசுகிறார். ஒருவரே பல பாத்திரம் ஏற்றுப் பேசும் ஆட்டத்திற்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு வேண்டுமோ? ஆனால் அப்பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை. அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிப் பாடலாகாது என்று தொல்காப்பியம் விலக்கிவிட்டது. தலைவன், தலைவி, பாங்கன், பரத்தை என்னும் நிலைகளே பெயர்கள். இவ்விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. அதில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் பாண்டியர்க்குரிய வேம்பு ஓரிடத்தில் சுட்டப்பட்டமையால், அதனை அகம் எனக் கொள்ளாது புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஓர் இலையே பெயராகிவிட்டது.

பெயர் இல்லாத இடத்தில் பேசுபவர் யார் என்பதைக் காட்டியவை பாடலின் கீழே வரும் குறிப்புகள். இன்னார் இன்னார்க்குச் சொல்லியது என்னும் அவ்வொற்றை வரியை நம் மாணவர் தேர்வுக்குப் பயன்படாத பகுதி என்று தாண்டிச் செல்கின்றனர். அவ்வரியை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் படித்துப் பாருங்கள். ஒரே பாடலைத் தலைவி கூற்றாகவும் கொள்ளலாம், தோழி கூற்றாகவும் கொள்ளலாம் என்னும் நிலை பலவிடத்து வரும். பொருளும் அதற்கேற்பத் திரும்பும். குறிப்பு எழுதியவர் பாடலைப் பாதுகாத்தவர்களுள் ஒருவரே என்பது என் துணிபு.

ஒரு பெயர், பல ஆள்

இரண்டாவது சிக்கலுக்குத் தீர்வு நம் ஊர்ப் புறத்திலேயே உண்டு. குலதெய்வத்தின் பெயரைப் பேரப்பிள்ளைகள் அனைவர்க்கும் சூட்டும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஒரே தெருவில் நான்கு பெருமாள் இருப்பர். மூன்று மாரியம்மாள் இருப்பர். ஊர் இதனால் தடுமாறியதுண்டா? மேட்டுக்காட்டுப் பெருமாள், வண்டிக்காரப் பெருமாள், கிணற்றுக்காட்டு மாரியம்மாள் என்று இடத்தாலும் தொழிலாலும் பிரித்துக்கொண்டது.

சங்க நூல்களைத் தொகுத்தவர்களும் இதையே செய்தனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்னும் பெயர்களைப் பாருங்கள். ஊர், தொழில், தந்தை என மூன்று அடையாளங்களும் பெயரோடு பிணைக்கப்பட்டுள்ளன. நீளம் என்று நாம் சலித்துக்கொள்ளும் இப்பெயர்கள் காவல் வேலிகள். வேலி இல்லாத பெயருக்கு நேர்ந்ததை ஔவையாரிடம் காண்கிறோம். அதியமானைப் பாடியவர் ஒருவர். நீதிநூல் செய்தவர் பிற்காலத்து மற்றொருவர். மக்கள் நினைவில் அனைவரும் ஒரே மூதாட்டியாகிக் கோலூன்றி நடக்கின்றனர்.

நம் ஊர்ப்பெயரும் இதற்கோர் எடுத்துக்காட்டே. இராமபிரான் இலங்கையினின்று மீண்டபோது இங்கே முடிசூட்டுக் கோலம் காட்டினார் என்னும் ஐதிகம் கோதண்டராமர் கோயிலைச் சார்ந்து வழங்குகிறது. அதனால் சரயு நதிக்கரை நகரின் பெயரை நம் ஊர் ஏற்றது. 'பட்டணம்' என்னும் பின்னொட்டே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

ஓர் ஆள், பல பெயர்

மூன்றாவது சிக்கலின் உச்சம் விராட பருவம். மழை வேண்டி ஊர்களில் படிக்கப்படும் இப்பருவத்தைப் பாத்திரம் ஏற்கும் ஆட்டத்தின் பேரிலக்கியம் என்றே சொல்லலாம். பாண்டவர் ஓராண்டு முழுதும் தம்மை மறைத்து வாழ வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு காடு. தருமன் கங்கன் ஆனான். அருச்சுனன் பிருகன்னளை ஆனான். திரௌபதி சைரந்திரி ஆனாள். வீமன் மடைப்பள்ளி புகுந்தான்.

வியாச பாரதத்தில் ஒரு நுட்பம் உண்டு. வெளிப்பெயர்களுக்கு அப்பால், தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளத் தருமன் வேறு ஐந்து பெயர்களை வகுக்கிறான்: ஜயன், ஜயந்தன், விஜயன், ஜயத்சேனன், ஜயத்பலன். இவை எதற்கு என்று தொடக்கத்தில் விளங்காது. கீசகன் இறந்தபின் அவன் சுற்றத்தார் திரௌபதியை அவன் பிணத்தோடு எரிக்க இழுத்துச் செல்கின்றனர். அவள் வீமா என்று அழைத்தால் மறைவாழ்க்கை முறியும்; சமையற்காரனை அழைத்தால் அவன் யார் என்ற ஐயம் எழும். அவள் அந்த மறைபெயர்களைச் சொல்லிக் கதறுகிறாள். வீமன் செவியில் அது விழுகிறது. அவள் உயிர் தப்புகிறது. துன்பம் கழுத்தை நெரிக்கும் நேரத்திலும் ஐந்து பெயர்களையும் பிழையாது நினைவில் வைத்திருந்தாளே, அந்த நினைவே அவளைக் காத்தது.

அதே பருவத்தில் பேடியே அருச்சுனன் என்பதை இளவரசன் உத்தரன் நம்ப மறுக்கிறான். அவன் கேட்ட சான்று, வில் வளைத்துக் காட்டுவதன்று. அருச்சுனனுக்குப் பத்துப் பெயர் உண்டு. அவற்றையும் காரணத்தையும் சொல் என்கிறான். வெண்பரி பூட்டியதால் சுவேதவாகனன், நாடுகளை வென்று செல்வம் கொணர்ந்ததால் தனஞ்சயன், இரு கையாலும் வில் வளைப்பதால் சவ்வியசாசி, முடி பெற்றதால் கிரீடி என்று அவன் ஒவ்வொன்றாக விளக்குகிறான். இன்று கணிப்பொறி முன் நாம் சொல்லும் கடவுச்சொல்லுக்கு இது மூத்தது.

அடையாளம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை மணிமேகலை காட்டுகிறது. உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் வடிவம் கொண்டாள். அவ்வடிவில் அவள் அரசிளங்குமரனோடு பேசக் கண்ட காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியே என்று மயங்கினான்; உதயகுமரனை வாளால் வெட்டினான். வேடம் ஏற்றவளும், உண்மைக் காயசண்டிகையும் வேறு வேறு என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. ஓர் உயிர் போயிற்று.

நம் பகுதிக் கூத்துக் கலைஞர்கள் இந்த ஆபத்தை நன்கு அறிந்தவர்கள். வேடதாரி நேரே களத்துக்கு வருவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று, தான் யார், எந்நாட்டான், எவர் மகன் என்பதைப் பாடியபின்பே வெளிப்படுகிறார். கட்டியங்காரன் தெரியாதவன்போல் மீண்டும் வினவுகிறான். முன்னிரவில் ஒரு வேடம் கட்டியவரே பின்னிரவில் வேறொரு வேடத்தில் வருவதுண்டு. நடுவில் உறங்கி எழுந்தவர் உண்டு. அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து வந்து அமர்ந்தவர் உண்டு. அவர்கள் அனைவர்க்குமாகத்தான் அந்தக் கேள்வி. கேலிபோல் தோன்றும் கட்டியங்காரனே அந்த அவையின் பெயர்க்காப்பாளன்.

பெயர் மறைந்தோர்

இனி நான்காவது சிக்கல். சங்கப் பாடல்கள் 2381. பெயர் தெரிந்த புலவர் 473 பேர் என்று கணக்கிடுவர். 102 பாடல்களுக்குப் பாடியவர் பெயர் இல்லை. பெயர் இழந்த வேறு சிலரை அவர்தம் பாட்டின் தொடரே காப்பாற்றியது: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், தொடித்தலை விழுத்தண்டினார். இவை எத்துணை அழகிய பெயர்கள் என்று நாம் மகிழ்கிறோம். அவர்களைப் பெற்றவர்கள் இட்ட பெயர் எது? எந்த ஊர்? எவர் மக்கள்? ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பெண்பாற் புலவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வெள்ளிவீதியாரைத் தெருவின் பெயரால் அறிகிறோம். நச்செள்ளையார் காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆனார். 'ஆர்' என்னும் மதிப்பு விகுதி ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவாதலால், சங்கப் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்பதில் அறிஞர்கள் இன்றளவும் ஒன்றுபடவில்லை. மதிப்புக்காகச் சேர்த்த விகுதியே அடையாளத்தை மூடிவிட்டது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1948இல் மறைந்த சொ. விருத்தாசலம் கதைக்குப் புதுமைப்பித்தன், கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டார். பெண் பெயர் கண்டு பெண் எழுத்தாளர் என்று பலர் எண்ணிய சுஜாதா, ரங்கராஜன் என்னும் ஆடவரே. அது அவர் மனைவியின் பெயர். இவர்கள் புகழ் பெற்றவர்கள். ஆகவே ஆராய்வோர் முன்வந்தனர். நம்மைப் போன்றோர்க்கு யார் வருவார்?

நம் வட்டத்தையே எண்ணிப் பார்ப்போம். பத்தாண்டுக் கவியரங்குகளில் இங்கே ஒலித்த பெயர்களுள் பாதி புனைபெயர்கள். பணியிடத்துக்கு அஞ்சியவர், வீட்டுக்கு அஞ்சியவர், சொந்தப் பெயர் ஓசை குறைந்தது என்று கருதியவர் எனக் காரணங்கள் பல. வீட்டுக்கு அஞ்சியவருள் பெண்களே மிகுதி. புனைபெயர் வைத்துக்கொள்ளும் உரிமையை நான் மறுக்கவில்லை. பல பெண்களுக்கு அதுவே எழுதுவதற்குக் கிடைத்த ஒரே கதவு. அக்கதவுக்குப் பின்னே நின்றவர் யார் என்பதை வட்டமேனும் அறிந்திருக்க வேண்டாமா? நாம் வாட்ஸ்அப்பில் பகிரும் கவிதைகள் இரண்டு கை மாறியதும் பெயரை உதிர்த்துவிட்டு, 'படித்ததில் பிடித்தது' என்னும் தலைப்போடு எழுதியவர் கைக்கே திரும்பி வருகின்றன. ஓலையில் பெயர் அழியச் செல்லும் பூச்சிக்குப் பல்லாண்டு தேவைப்பட்டது. இன்று ஒரு பிற்பகல் போதும்.

ஆகவே இவ்வவைக்கு ஒரு வேண்டுகோள். வட்டத்திற்கென ஒரு பெயரேடு தொடங்குவோம். கவிதையின் தலைப்பு, படிக்கப்பட்ட நாள், புனைபெயர், இயற்பெயர், ஊர், யார் கூற்றாகப் பாடப்பட்டது என ஆறு கட்டங்கள் போதும். இயற்பெயரை வெளியிட விரும்பாதோர் பக்கத்தை உறையிலிட்டு ஒட்டி வைப்போம். அதனைத் திறக்கும் காலத்தை அவரே குறிக்கட்டும். விராட நாட்டில் பாண்டவர் பெயர் மறைத்தனர், தம்முள் மறக்கவில்லை. மறைப்பதும் மறப்பதும் வேறு என்பதை நாம் பிரித்தறிய வேண்டும்.

இவ்வேட்டை எழுதும் பொறுப்பை ஆண்டுக்கொருவர் ஏற்கலாம். முதலாண்டுப் பொறுப்பை எனக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள கவிஞர்கள் இன்று இல்லம் திரும்புமுன் தம் பெயரையும், தாம் அறிந்த, இப்போது நம்மிடையே வர இயலாத ஒருவர் பெயரையும் எழுதித் தந்தால் முதற்பக்கம் இன்றே நிறையும்.