புதுநிலம் உழச் சென்றவர்கள்



1954இல் குருச்சேவின் திட்டப்படி, கசகஸ்தானின் தரிசுப் புல்வெளிகளில் அரசுப் பண்ணைகள் பல எழுந்தன. நிலம் பரந்து கிடந்தது. உழைக்க ஆள் போதவில்லை. கொம்சொமோல் என்னும் இளங்கம்யூனிஸ்டுக் கழகம் தொழிற்சாலைகளிலும் கல்விக்கூடங்களிலும் கூட்டம் நடத்தி ஆள் திரட்டியது. பெயர் தந்தவர்களை இரயிலடியில் இசை முழங்க வழியனுப்பியது. ஈராண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர் சென்றனர். அவர்களுள் பலரை வரவேற்றவை கூடாரங்களே. குடியிருக்க வீடின்றித் திரும்பியோரும் பலர்.

இவ்வரலாற்றின் உள்முகத்தைக் காட்டுவது, கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஒட்டகக் கண்' என்னும் கதை. கெமேல் என்னும் இளைஞன் பெருங்கனவோடு புதுநிலத்திற்கு வருகிறான். அவனுக்குக் கிடைப்பதோ வண்டியில் நீர் கொணரும் வேலை. டிராக்டர் ஓட்டும் அபாகிர் அவனை ஓயாமல் இழிவுபடுத்துகிறான். உழைப்பைப் போற்றிய நாட்டிலே, உழைப்பாளியை உழைப்பாளியே மிதிக்கும் கொடுமை அது! ஆயினும் கெமேல் ஓடிவிடவில்லை.

1956இல் விளைச்சல் பெருகியது, 1963இல் பொய்த்தது. அரசின் ஏடுகள் தானியத்தைக் கணக்கிட்டன. அழைத்து வந்தவனை மனிதனாக மதித்தனரா என்று கேட்டது இலக்கியமே. அக்கேள்வி, ஆள் திரட்டும் எவ்வரசுக்கும் உரியது.