கூடாக் கூட்டம்: பாதுகாப்பு அலுவலர்க்குத் தமிழில் ஒரு கூட்டப்பெயர்



போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தை தமிழகத்தின் பெரிய வாரச்சந்தைகளுள் ஒன்று. அதனுள் நுழைந்து வெளியேறுவதற்குள் தமிழின் கூட்டப்பெயர்களில் பலவற்றைக் காதாரக் கேட்டுவிடலாம். ஆடு மந்தையாக நிற்கிறது. வாழை தாறாக இறங்கிச் சீப்பாகப் பிரிகிறது. கீரை கட்டாகவும், தக்காளி கூறாகவும், பூ சரமாகவும், வெற்றிலை கவுளியாகவும் கைமாறுகின்றன. கவுளிக்கு நூறு இலை என்பது கணக்கு. இச்சொற்களில் ஒன்றையும் இடம் மாற்றி வழங்க இயலாது. 'வெற்றிலை மந்தை' என்று யாரேனும் சொன்னால் விற்பவரும் சிரிப்பார், வாங்குபவரும் சிரிப்பார்.

அதே போச்சம்பள்ளியில் சிப்காட் தொழில் வளாகமும் உண்டு. 2021இல் ஓலா நிறுவனத்தின் மின்சார இருசக்கர வாகனத் தொழிற்சாலை ஏறத்தாழ 500 ஏக்கர் பரப்பில் இங்கே எழுந்தது. ஓசூரிலோ தொழிற்பேட்டை தோன்றி அரை நூற்றாண்டு ஆகிறது. இத்தொழிலகங்களில் தலைக்கவசமும் ஒளிரும் மஞ்சள் மேலாடையும் அணிந்து, கையில் ஒரு குறிப்பட்டையோடு நடமாடும் ஒரு வகுப்பார் உளர். அவர்கள் பாதுகாப்பு அலுவலர். சந்தைப் பொருள் அனைத்துக்கும் கூட்டப்பெயர் வைத்திருக்கும் தமிழ், இவர்கள் பலர் சேர்ந்து நின்றால் என்ன பெயரிட்டு அழைக்கும்? விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

கூட்டப்பெயர் வெறும் எண்ணிக்கைச் சொல் அன்று. அது ஒரு தீர்ப்பு. பத்துப்பேர் ஓரிடத்தில் நிற்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களைக் 'குழு' என்றால் வேலை நடக்கிறது என்று பொருள். 'அவை' என்றால் அறிவு அமர்ந்திருக்கிறது. 'கோஷ்டி' என்றால் எதிர்க்கோஷ்டி ஒன்று எங்கோ இருக்கிறது. 'கும்பல்' என்றால் காவல் நிலையத்துக்குச் செய்தி போக வேண்டும். ஆட்கள் அதே பத்துப்பேர்தாம். சொல்தான் அவர்களுக்கு மாலையோ விலங்கோ பூட்டுகிறது.

பெயரிடுதலில் தமிழ் பழைய கை. தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர் மட்டுமே ஒன்பது கூறுகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. எதன் இளமைக்கு எப்பெயர் உரியது என்பதையும் வரையறுக்கிறது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு தன் பன்னிரண்டாம் தொகுதியைப் பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயருக்கே ஒதுக்கியது. பசுவுக்கு நிரை, எறும்புக்குச் சாரை, வைக்கோலுக்குப் போர், தலைவியின் தோழியர்க்கு ஆயம், உறவினர்க்குச் சுற்றம் என்று வழங்குவன எல்லாம் பொருளின் நிலையையோ செயலையோ உற்றுநோக்கிப் பிறந்தவை. வரிசையாகச் செல்வது நிரை. சுற்றி நிற்பது சுற்றம்.

ஆங்கிலேயர் இதையே நகைச்சுவைக் கலையாக வளர்த்தனர். 1486இல் இங்கிலாந்தில் அச்சான 'செயின்ட் ஆல்பன்ஸ் நூல்' வேட்டையும் பருந்து வளர்ப்பும் பற்றியது. அதில் விலங்குக் கூட்டப்பெயர்களோடு தொழிலாளர் கூட்டப்பெயர்களும் பட்டியலிடப்பெற்றன. வழக்கறிஞர் கூட்டத்துக்கு நாவன்மை என்றும், சமையற்காரர் கூட்டத்துக்கு அவசரம் என்றும் பொருள்படும் சொற்கள் அங்கே உள்ளன. வேட்டைக்காரரின் கலைச்சொல் பட்டியலுக்குள் ஊராரின் கேலி நுழைந்துகொண்டது. 1968இல் ஜேம்ஸ் லிப்டன் இப்பழஞ்சொற்களைத் திரட்டிப் புதியனவும் சேர்த்து நூலாக்கிய பின்னர், ஒவ்வொரு தொழிலார்க்கும் கூட்டப்பெயர் கட்டுவது அங்கே அறிஞர் பொழுதுபோக்காயிற்று.

இனித் தமிழில் பாதுகாப்பு அலுவலரிடம் வருவோம். பெயரிடும் முன்பே ஒரு முட்டுக்கட்டை எதிர்ப்படுகிறது. வாயிலில் நின்று பையைச் சோதிப்பவரும் 'பாதுகாப்பு'. உள்ளே நின்று எந்திரத்தைச் சோதிப்பவரும் 'பாதுகாப்பு'. முன்னவர் பொருள் வெளியே போகாமல் காப்பவர். பின்னவர் உயிர் போகாமல் காப்பவர். இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குவதால் தொழிலாளர் 'செக்யூரிட்டி' என்றும் 'சேஃப்டி' என்றும் பிரித்துக்கொண்டனர். 'போலீஸ் வருது' என்பது போலச் 'சேஃப்டி வருது' என்பதும் பேச்சில் எளிதாக வந்து விழுகிறது. வருபவர் மனிதர், வினையோ அஃறிணை. இதை இழிவழக்கு என்று ஒதுக்க வேண்டா. உயர்திணைப் பொருளைக் குறித்து நின்றும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் தொகுத்துக் கூறும் இடத்தில் 'குழு' என்பதும் ஒன்று. ஆகவே ஆலைத்தரையின் பேச்சுக்கும் இலக்கணச் சான்று உண்டு. ஆனால் அஃறிணையாய்ப் போன கூட்டத்தை மறுபடி மனிதராகக் காண்பதற்கு நல்ல பெயர் ஒன்று வேண்டும்.

முதலில் சிரிப்புக்குரிய பெயர்கள். இவர்கள் வாயில் மிகுதியும் வழங்கும் சொல் 'கூடாது'. இங்கே நிற்கக் கூடாது, அங்கே தொடக் கூடாது, தளர்ந்த ஆடை கூடாது, செருப்பு கூடாது. எனவே இவர்கள் கூடினால் அது 'கூடாக் கூட்டம்'. கூடியும் கூடாத கூட்டம் தமிழ் ஒன்றில்தான் இயலும். மஞ்சள் மேலாடையோடு ஐவர் ஆறுபேர் ஒருங்கு நிற்கும் தோற்றத்துக்குக் 'கொன்றைக் கொத்து' பொருந்தும். முன்னறிவிப்பின்றி வருவதாகச் சொல்லப்படும் ஆய்வாளர் குழு, வருவதற்குள்ளேயே எல்லார் தலையிலும் தலைக்கவசம் முளைத்துவிடுமாயின், 'முன்னறிந்த திடீர்' என்று பெயர் பெறும். தணிக்கை என்ற சொல்லுக்குள் 'தணி' இருந்தும் தணிக்கையாளர் வந்தால் எவர் நெஞ்சும் தணிவதில்லை. ஆகவே அவர் கூட்டம் 'தணியாமை'. தீயணைப்போர் கூட்டத்துக்கு 'அரவணைப்பு'. தீயை அணைக்கும் கையே குழந்தையையும் அணைத்து வெளியே கொண்டுவருவதால் இப்பெயரில் கேலி குறைவு, நன்றி மிகுதி. விபத்து நடந்த பின் அளவுநாடாவோடு வரும் குழுவுக்குப் 'பிறகு' என்ற ஒரு சொல்லே போதும்.

இங்கே சிரிப்பு சற்று நின்றுவிடுகிறது. நிற்பதற்குக் காரணம் உண்டு.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் பற்றிய 40-பி பிரிவு 1976இல் சேர்ந்தது. 1,000 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள ஆலைக்கு அவர் வேண்டும் என்றது. இடர் மிக்க தொழிலாயின் குறைந்த எண்ணிக்கையிலும் அரசு கேட்கலாம் என்றது. 1984 டிசம்பரில் போபால் நிகழ்ந்தது. அதன்பின் 1987இல், இடர் மிக்க ஆலைகளில் தொழிலாளரும் நிருவாகத்தாரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அலுவலர் வேண்டும் எண்ணிக்கையை 500ஆகவும், இடர் மிக்க ஆலைகளில் 250ஆகவும் குறைத்திருக்கிறது. நன்று. ஆயினும் எண்ணிக்கைக்குக் கீழே இருப்போர் கதை என்ன?

2023 ஜூலை 29 அன்று கிருட்டிணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூர் எல்லையைத் தாண்டியவுடன் வரும் கருநாடகத்து அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர். கிடங்கும் கடையும் சிறியன. அத்தகைய இடங்களுக்குப் பாதுகாப்பு அலுவலர் என ஒருவரைச் சட்டத்தின் எண்ணிக்கை கேட்பதில்லை. கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லாத இடத்தில் அச்சொல்லின் அருமை தெரிகிறது. 'கூடாக் கூட்டம்' என்று நகைத்த வாய், கூடாமற்போன அக்கூட்டத்தை எண்ணி மௌனமாகிறது.

கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களின் நாடு. ஆநிரை மீட்கப் போரிட்டு மாய்ந்தோர்க்கு எழுப்பிய கற்கள் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் இன்றும் நிற்கின்றன. காட்சி, கால்கோள் முதலாக நடுகல்லுக்குத் தொல்காப்பியம் துறை வகுத்தது. மாண்டவனைப் பாடத் தமிழுக்குத் துறை உண்டு. பாதுகாப்பு அலுவலரின் நிலையோ இதற்கு நேர்மாறு. அவர் தொழில் செம்மையாக நடந்தால் எவரும் மாள்வதில்லை. ஆதலின் கல் இல்லை, பாட்டு இல்லை, செய்தித்தாளில் ஒரு வரியும் இல்லை. நிகழாத விபத்துக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத வெற்றியை எவரும் கொண்டாடுவதில்லை. கேலிப்பெயர் அவர்க்கு எளிதில் வாய்ப்பதற்கும் புகழ்ப்பெயர் வாய்க்காமைக்கும் இதுவே காரணம்.

அப்படியாயின் அவர்க்குத் தகும் பெயர் எது? இம்மண்ணிலேயே அது கிடக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானை வரும். உழவர் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருப்பர். சங்கத் தமிழில் தினைப்புனம் காத்த மகளிர் ஏறியதும் பரணே. பரண்மேல் இருப்பவர் கதிர் அறுப்பதில்லை. ஆனால் அவர் உறங்கினால் அறுக்கக் கதிர் இராது. பாதுகாப்பு அலுவலர் கூட்டத்துக்குப் 'பரண்' என்பது நல்ல பெயர். உயரம் உண்டு, விழிப்பு உண்டு, ஊராரின் தூக்கத்துக்கு அது பிணையாகவும் நிற்கிறது.

எனினும் பரணுக்கு ஒரு குறை உண்டு. மேலே ஒருவர், கீழே மற்றவர் என்ற பிரிவு அதில் இருக்கிறது. அக்குறையைப் போக்கும் பெயர் ஆலைக்குள்ளேயே தொங்குகிறது. பெரிய எந்திரத்தைப் பழுது பார்க்கும்போது மின்னிணைப்பைத் துண்டித்து, அதன் விசையில் பூட்டுப் போடுவது பாதுகாப்பு முறை. நால்வர் உள்ளே இறங்கினால் நான்கு பூட்டு; ஒவ்வொருவர் சாவியும் அவரவர் சட்டைப்பையில். மூவர் வெளியேறித் தம் பூட்டைக் கழற்றினாலும் நான்காமவர் பூட்டு இருக்கும்வரை எந்திரம் ஓடாது. மேலாளர் அவசரப்படுத்தினாலும் ஓடாது. ஓர் இரும்புப் பற்றியில் வரிசையாகத் தொங்கும் அப்பூட்டுகள் ஒவ்வொன்றும் ஓர் உயிர். அலுவலர், தொழிலாளர், ஒப்பந்தக்காரரின் ஆள் என்ற வேறுபாடு பூட்டுக்குத் தெரியாது. பூட்டுக்காரர் தமிழரா, கன்னடியரா, தெலுங்கரா, பீகாரிலிருந்து வந்தவரா என்பதும் தெரியாது. சாவிக்கொத்து என்ற சொல் வீடுதோறும் உண்டு. அதன் அருகே 'பூட்டுக்கொத்து' என்ற சொல்லையும் வைத்தால், ஒருவர்க்கொருவர் உயிர்ப்பிணையாக நிற்கும் கூட்டத்துக்குத் தமிழில் பெயர் கிடைத்துவிடும்.

'எச்சரிக்கை' என்ற பலகை இவ்வெல்லைப்புறத்தில் எத்தனை மொழியில் எழுதப்பட்டாலும் படிப்பவர்க்குப் பாதிப் புரியும். கன்னடத்தில் அது எச்சரிகெ, தெலுங்கில் ஹெச்சரிக. மூன்று மொழியும் ஒரே சொல்லால் விழித்திருக்கின்றன. கவிஞர்க்குரிய வேலை அப்பலகைக்கு அப்பால் தொடங்குகிறது. பலகை ஆணையிடும், பெயர் பழகும். ஆணையை மீறுவோர் உண்டு. தம் நாவிலேயே பிறந்து பழகிய பெயரை மீறுவது அத்துணை எளிதன்று.

ஆகவே இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாண்டோரைப் பாடும் துறையில் தமிழுக்குக் குறையில்லை. பணி முடிந்து பத்து விரலோடும் வீடு திரும்புகிறவரைப் பாடவும், அவர் திரும்புவதற்காக விழித்திருந்தவரைப் பாடவும் ஒரு துறை வேண்டும். கேலியாகத் தொடங்கினும் கேடில்லை. கூடாக் கூட்டம் என்று தொடங்கிப் பூட்டுக்கொத்து என்று முடிக்கலாம். பதினோராம் ஆண்டின் முதற் கவியரங்குக்கு இதுவே தலைப்பாக அமையட்டும்.