வாய்ச்சொல் கேஸில் நிற்காது

(தெமோதரையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கேஸ் என்றாலே நம் லயங்களில் ஒரு பயம் உண்டு. பதுளைக்கு அலைய வேண்டும், அன்றைய பேர் போய்விடும், முடிய வருஷக்கணக்காகும் என்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் கம்பனிகள் அப்படித் தயங்குவதில்லை. 2021 மார்ச் 5ஆம் திகதி வர்த்தமானியில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வந்தது. உடனே கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. ஏப்ரல் 5ஆம் திகதி இடைக்காலத் தடை கொடுக்க நீதிமன்றம் மறுத்தது. 2024இல் 1700 ரூபாய் வர்த்தமானி வந்தபோதும் கேஸ் போட்டார்கள். அந்த முறை உயர் நீதிமன்றம் ஜூலை 4ஆம் திகதி இடைக்காலத் தடை கொடுத்தது. ஒரு தடவை நமக்குச் சாதகம், ஒரு தடவை அவர்களுக்கு. அவர்கள் கூசாமல் ஏறும் படியில் ஏற நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்?

ஆயிரம் ரூபாய் கிடைத்த பிறகு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டார்கள். ஆகவே கேஸ் வந்தால் சங்கத்தின் வேலை குறையாது, கூடும்.

இப்போது நம் ஒவ்வொருவரையும் தொடும் விஷயத்துக்கு வருவோம். வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். 1957ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தந்த உரிமை இது. தொழிலாளியே மனுப் போடலாம், அவருக்காகச் சங்கமும் போடலாம். சங்கப் பிரதிநிதியே அவருக்காக நின்று பேசலாம். ஆனால் வேலை நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். "துரை மனம் மாறுவார், பார்ப்போம்" என்று காத்திருந்தால் அந்த ஆறு மாதம் கரைந்துவிடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். நிறுத்தியது உண்மை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டால், அது நியாயம் என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்தின் மேல். "நாங்கள் நிறுத்தவில்லை, அவர்தான் வேலைக்கு வரவில்லை" என்று சொன்னால், நிறுத்தியதை நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில். பிரட்டுக்களத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொல்லி அனுப்புவதன் சூட்சுமம் இதுதான். வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது?

எனவே அப்படிச் சொன்னால் வீட்டில் உட்காராதீர்கள். மறுநாளும் பிரட்டுக்குப் போங்கள், பக்கத்தில் இருவரை வைத்துக்கொள்ளுங்கள். "இன்ன திகதி வேலைக்கு வந்தேன், வேலை தரவில்லை" என்று தோட்டத் துரைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பிரதியையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். அன்றே தலைவரிடம் சொல்லுங்கள்.

சேவைக்காலப் பணமும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருஷம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். கேட்டும் வராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதுங்கள்.

பாஷை தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைப்படி தமிழில் மனுக் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பும் கேட்கலாம். கேட்பது உரிமை, தயவு அல்ல.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த எழுத்து உங்களுக்கும் உதவட்டும். ஒரு கொப்பியை ஒதுக்குங்கள். அன்றைய திகதி, மலை, நிறை, முழுப்பேரா அரைப்பேரா என்பதைச் சாயங்காலம் பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். எழுதி வைத்த கணக்கு கையில் இருந்தால் நம் பேச்சுக்குப் பலம் கூடும்.