சேவற்குஞ்சா, பெட்டைக்குஞ்சா?

அடைக்கு முட்டை பொறுக்கும்போது கூர்மையான முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்று தரம் பிரிக்கும் வழக்கத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். கோழி வளர்ப்புப் பயிற்சி வகுப்புகளில் நான் பாடஞ் சொல்லிவந்த காலத்தில், இதைப் பற்றிய கேள்வி எழாத வகுப்பே இல்லை எனலாம். ஒரு முறை நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன்பே, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், “எங்க வீட்டுச் சாம்பக் கோழி எப்பவும் கூரு முட்டையாத்தான் வைக்குதுங்க, அப்ப இத்தனை பெட்டை எங்கேருந்து வந்துச்சாம்?” என்று கேட்டுவிட்டார். முட்டையின் வடிவம் தாயின் முட்டைக்குழாய் அமைப்பைப் பொறுத்ததேயன்றிக் குஞ்சின் பாலைப் பொறுத்ததன்று என்று நான் விஸ்தாரமாகச் சொல்ல நினைத்திருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

முட்டையில் தெரியாது, சரி, குஞ்சில் தெரியுமா? ஜப்பானிய நிபுணர்கள் குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்லப் பிதுக்கி, அங்குள்ள நுண்ணிய முகிழைக் கண்டு பால் பிரிக்கும் வித்தையை வகுத்தார்கள். அது நீண்ட பயிற்சியும் கூரிய பார்வையும் வேண்டும் வித்தை. பழகாத கையிற் சிக்கினால் குஞ்சுக்கே ஆபத்து. ஆகவே அதை இங்கே விட்டுவிட்டு, எனக்கு மிகவும் பிரியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பரம்பரை இயல்பு சாஸ்திரத்தை ஆராய்ந்துவந்த ரெஜினால்ட் பனெட் என்ற பேராசிரியர், முதல் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, முட்டையிடாத சேவற்குஞ்சுகளுக்குத் தீனியை வீணாக்காமல் முதல் நாளிலேயே அவற்றைப் பிரித்துவிடத் தூவியின் வர்ணத்தையே அடையாளமாகக் கொள்ளலாம் என்று யோசனை கூறினார். உதாரணமாக, ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் லைட் சஸ்ஸெக்ஸ் பெட்டையையும் இணைத்தால், பிறக்கும் பெட்டைகள் தந்தையைப்போலச் செம்மை கலந்தும், சேவல்கள் தாயைப்போல வெளிறியும் இருக்கும். ஆனால் இந்த வசதி ஒரு தலைமுறையோடு சரி. அந்தக் குஞ்சுகளையே வளர்த்து இணை சேர்த்தால் அடையாளம் குழம்பிப்போகும். தலைமுறைதோறும் தன் அடையாளத்தைத் தானே காட்டும் ஜாதி ஒன்று வேண்டுமென்று பனெட்டும் அவருடைய சகாவான மைக்கேல் பீஸும் முயன்றதன் பயனாக, அமெரிக்காவின் வரியிட்ட பிளைமவுத் ராக்கையும் பெல்ஜியத்தின் பொன்னிறக் கேம்பைனையும் கலந்து கேம்பார் என்ற ஜாதி உருவாயிற்று. அதன்பின் பிரவுன் லெக்ஹார்னைக் கொண்டு லெக்பார் பிறந்தது.

இதன் சூட்சுமம் என்னவென்றால், இறகில் வரி இடும் அந்தப் பரம்பரைக் கூறு வர்ணத்தை அடக்கும் சக்தியுடையது. அது பாலை நிர்ணயிக்கும் நிறப்புரியிலேயே (குரோமோசோமிலேயே) அமைந்திருக்கிறது. மனிதரைப்போலன்றிப் பறவைகளில் சேவலுக்கே அந்த நிறப்புரி இரண்டு, பெட்டைக்கு ஒன்று. ஆகவே சேவல் வரிக்கூற்றை இரட்டிப்பாகப் பெற்று வெளிறுகிறது. பெட்டை ஒன்றே பெற்றுக் கருமையை ஓரளவு காப்பாற்றிக்கொள்கிறது.

பிளைமவுத் ராக்கிலும் இந்தக் கூறு உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அதன் குஞ்சு கறுப்பு. உச்சந்தலையிலுள்ள வெள்ளைப் புள்ளி சேவலுக்குப் பெரிதாகக் கலைந்தும், பெட்டைக்குச் சிறிதாகவும் இருக்கும் என்பது பொது விதி. அந்தக் குஞ்சுகளை மாணவர் கையிற் கொடுத்தால், இது பெரிய புள்ளியா சிறிய புள்ளியா என்று இருவர் வாதாட, மூன்றாமவர் வந்து வேறொன்று சொல்வார். வகுப்பு நேரம் முடிந்தும் வழக்கு முடியாது. பழுப்பு வரி கொண்ட தூவியின்மேல் அதே கூறு வந்து படிந்தால் அத்தகைய வழக்குக்கே இடமில்லை.

வானொலியில் வர்ணத்தைக் காட்ட எனக்கு வழியில்லை. நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். ஈரம் உலர்ந்த இரண்டு லெக்பார் குஞ்சுகளை உள்ளங்கைக்கு ஒன்றாக ஏந்துங்கள். ஒன்றின் தலையிலிருந்து வால் முனைவரை முதுகு நெடுக அடர்ந்த பழுப்புப் பட்டை ஒன்று ஓரம் பிசகாமல் ஓடுகிறது; கண்ணோரத்திலும் மை தீட்டினாற்போல ஒரு கோடு: அது பெட்டை. மற்றதன் முதுகிலும் பட்டை இருந்த சுவடு தெரிகிறது, ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாதபடி சாம்பலும் வெளுப்பும் கலந்து மங்கிவிட்டது. தலைப்புள்ளியும் பரந்து கிடக்கிறது: அது சேவல். இதற்கு நிபுணர் எதற்கு? பள்ளிக்கூடச் சிறுவனே பிரித்துவிடுவான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கோழிகளின் கலப்பால் நீல முட்டையும் தலையிற் சிறு குடுமியும் பெற்ற கிரீம் லெக்பாரிலும் இதே அடையாளந்தான். அந்த நீல முட்டையின் கதையைச் சொல்ல ஆசைதான், கடிகாரம் இடங்கொடுக்கவில்லை.

ஆகையால், இத்தகைய ஜாதியை வளர்க்க விரும்பும் அன்பர்கள், தூவி உதிர்ந்து இறகு முளைக்குமுன், முதல் ஓரிரு நாட்களிலேயே நல்ல வெளிச்சத்தில் முதுகைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். வேறு ஜாதிச் சேவலை அந்தக் கூட்டத்தில் விடாதீர்கள், விட்டால் அடையாளம் கெட்டுப்போகும். குஞ்சு வாங்கச் செல்லும்போது, விற்பவர் சொல்லைமட்டும் கேட்டுப் பணத்தை எடுத்துவிடாமல், குஞ்சின் முதுகைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.